கொன்றவன் யாருக்கு வேண்டியவன்?

சிங்கப்பூரின் இந்த அவையில் கூடியிருக்கும் பெரியவர்களுக்கும் இளையவர்களுக்கும் வணக்கம்.

நம் வீடுகளில் கொஞ்சம் கண்டிப்பான அப்பாவுக்குப் பிள்ளைகள் வைக்கிற பட்டப்பெயர் ஹிட்லர். வேலையிடத்தில் மேலாளர் படுத்துகிற பாடு தாங்காதவர், ‘இங்கே இடி அமின் ஆட்சிதான் நடக்குது’ என்பார். கேட்ட மாத்திரத்தில் நமக்குப் புரிந்துவிடுகிறது. ஆனால் ‘அவன் ஒரு மசியாஸ்’ என்று யாரும் யாரையும் திட்டுவதில்லை.

இடி அமின் 1971 முதல் 1979 வரை உகாண்டாவை ஆண்டார். அதே காலத்தில் ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில், எக்குவடோரியல் கினி என்ற சின்னஞ்சிறு நாட்டைப் பிரான்சிஸ்கோ மசியாஸ் இங்குவேமா ஆண்டார். அந்த நாட்டின் மக்கள்தொகையே சுமார் 3 லட்சம். அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் நாட்டை விட்டே ஓடினார்கள். படித்தவர்களைத் தேடித் தேடிக் கொன்றார்கள். ஜனங்கள் கடல்வழியாகத் தப்பிவிடக் கூடாதென்று படகுகளை அழித்தார்கள். மசியாஸும் அமின் வீழ்ந்த அதே 1979இல்தான் வீழ்ந்தார். நாட்டின் அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அமினைவிடக் கொடிய ஆட்சி அது. பிறகு ஏன் அமினின் பெயர் மட்டும் நம் வாயில் வருகிறது?

1972இல் உகாண்டாவில் இருந்த, பெரும்பாலும் இந்திய வம்சாவளியினரான ஆசியர்கள் தொண்ணூறு நாளில் வெளியேற வேண்டும் என்று அமின் உத்தரவு போட்டார். பல்லாயிரம் பேர் பெட்டியும் கையுமாக லண்டனில் போய் இறங்கினார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆங்கிலம் தெரிந்தவர்கள், வணிகர்கள், பத்திரிகைக்காரர் கேட்டால் பதில் சொல்லத் தெரிந்தவர்கள். 1976இல் கடத்தப்பட்ட விமானம் ஒன்று உகாண்டாவின் எண்டெபியில் இறங்கியபோது உலகத்தின் கண் முழுக்க அந்த ஊர்மேல் இருந்தது. போதாக்குறைக்கு அமினுக்கே கேமரா என்றால் கொள்ளை ஆசை. மசியாஸின் நாடோ ஸ்பெயினின் பழைய காலனி. ஸ்பெயினை அப்போது ஆண்டவர் பிராங்கோ என்ற இன்னொரு சர்வாதிகாரி. எக்குவடோரியல் கினி பற்றிய செய்தி எதுவும் ஸ்பானியப் பத்திரிகைகளில் வரக் கூடாது என்று 1971இல் அவருடைய அரசு தடை போட்டது. அங்கிருந்து ஓடிவந்தவர்களுக்குத் தெரிந்த ஐரோப்பிய மொழி ஸ்பானிஷ். அந்த மொழியில்தான் வாயைப் பூட்டிவிட்டார்கள்.

ஆக, ஒருவன் எத்தனை பேரைக் கொன்றான் என்பதை வைத்து மட்டும் உலகம் அவனைக் கண்டிப்பதில்லை. செத்தவர்களுக்காகப் பேச ஆள் இருக்கிறதா, கொன்றவன் அந்த நேரத்தில் யாருக்கு வேண்டியவனாக இருந்தான் என்பதையும் பார்த்துத்தான் கண்டிக்கிறது. இன்று நான் சொல்ல வந்தது இதைத்தான்.

ஹிட்லரை எடுத்துக்கொள்ளுங்கள். 60 லட்சம் யூதர்களை ஓர் அரசாங்கமே ரயில் அட்டவணை போட்டு, கணக்கெழுதிக் கொன்றது. அவர் மீதான கண்டனத்தில் ஒரு சொல்லைக்கூடக் குறைக்க முடியாது. ஆனால் அந்தக் கண்டனம் நிலைத்ததற்கு அவர் முழுமையாகத் தோற்றதும் ஒரு காரணம். அவருடைய அலுவலகக் கோப்புகள் அப்படியே வென்றவர்களின் கையில் சிக்கின. 1945 நவம்பரில் ஜெர்மனியின் நூரம்பர்க்கில் விசாரணை தொடங்கியபோது, நாஜிகள் தாங்களே எழுதிய காகிதங்கள்தாம் அவர்களுக்கு எதிரான பெரிய சாட்சி.

சோவியத் தலைவர் ஸ்டாலின் தோற்கவில்லை, வென்றார். 1932-33இல் உக்ரேனில் பல மில்லியன் பேர் பட்டினியால் செத்தார்கள். கேரத் ஜோன்ஸ் என்ற இளம் பத்திரிகையாளர் கிராமம் கிராமமாக நடந்துபோய்ப் பார்த்து எழுதினார். மாஸ்கோவில் இருந்த பேர்போன நிருபர் வால்டர் டுராண்டி, பஞ்சமெல்லாம் இல்லை என்று நியூயார்க் டைம்ஸில் மறுத்தார். 1941க்குப் பிறகு ஸ்டாலின் பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கூட்டாளி. காலனி நாடுகளில் இருந்தவர்களுக்கோ அவர் ஹிட்லரை வென்றவர், பாட்டாளிகளின் தலைவர். 1953 மார்ச்சில் அவர் இறந்தபோது, சென்னையில் அந்த வாரம்தான் பிறந்திருந்த தம் மகனுக்குக் கலைஞர் அந்தப் பெயரை வைத்தார். அன்று அது ஒரு மரியாதை. 1956இல், அவருக்குப் பின் சோவியத் தலைவரான குருஷேவ் அவருடைய கொடுமைகளைப் பற்றி வாய் திறந்த பிறகுதான் உலகம் வேறு கதையைக் கேட்கத் தொடங்கியது.

‘ஹிட்லரை மட்டும் ஏன் திட்டுகிறீர்கள்?’ என்று சிலர் கேட்பதுண்டு. மற்றவர்களையும் சேர்த்து எண்ணுவதற்காகக் கேட்டால் அது நல்ல கேள்வி. தனக்குப் பிடித்த ஒருவனைக் காப்பாற்றுவதற்காகக் கேட்டால், செத்தவர்களை இரண்டாவது முறை ஏமாற்றுகிறோம் என்றுதான் அர்த்தம். இதை நான் மனம் நொந்தே சொல்கிறேன்.

சரி, நம் வட்டாரத்துக்கு வருவோம். கம்போடியாவில் 1975 முதல் 1979 தொடக்கம் வரை போல் போட்டின் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சி. செத்தவர்கள் சுமார் 17 லட்சம். தலைநகர் நோம் பென்னில் துவோல் ஸ்லெங் என்ற இடம் இருக்கிறது. முன்பு பள்ளிக்கூடம், அவர்கள் காலத்தில் சிறை. கொண்டுவரப்பட்ட ஒவ்வொருவரையும் நாற்காலியில் உட்காரவைத்து, தலை அசையாமல் பின்னால் ஒரு கம்பியை முட்டுக்கொடுத்து, சட்டையில் எண் குத்திப் படம் எடுத்தார்கள். எண்ணைக் குத்த சட்டை இல்லாத ஒரு பையனின் படமும் அதில் உண்டு. அவனுக்குத் தோலிலேயே ஊக்கைக் குத்தியிருக்கிறார்கள். அந்தப் படங்கள் இன்று சுவர் முழுக்க இருக்கின்றன.

1979 ஜனவரியில் வியட்நாம் படை நுழைந்து போல் போட்டை விரட்டியது. சிறையின் கதவு திறந்தது, படங்கள் வெளியே வந்தன. ஆனாலும் ஐக்கிய நாட்டு நிறுவனத்தில் கம்போடியாவின் நாற்காலி கெமர் ரூஜ் கையிலேயே இருந்தது. 1982க்குப் பிறகு ஒரு கூட்டணியின் பெயரில், அப்போதும் அவர்களையும் சேர்த்து, பல ஆண்டுகள் நீடித்தது. அமெரிக்காவும் சீனாவும் அதை ஆதரித்தன. தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானும் ஆதரித்தது, அதில் சிங்கப்பூர் முன்னால் நின்றது. காரணம் இல்லாமல் இல்லை. பெரிய நாடு படையோடு வந்து சிறிய நாட்டின் அரசாங்கத்தை மாற்றலாம் என்று விட்டுவிட்டால், நம்மைப் போன்ற குட்டி நாட்டின் கதி என்ன என்பது நியாயமான பயம். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தக் கணக்கில் 17 லட்சம் பேர் வரவே இல்லை என்பதையும் மறைக்க முடியாது. போல் போட் 1998இல் காட்டோரத்தில் இறந்தார். எந்த அனைத்துலக நீதிமன்றமும் அவரை விசாரிக்கவில்லை.

இந்தோனேசியாவில் 1965-66இல் குறைந்தது 5 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அந்தக் கொலைகளின் மேல் எழுந்த சுகார்த்தோ ஆட்சி 1998 வரை நடந்தது. செத்தவர்கள் கம்யூனிஸ்டுகள் என்று முத்திரை குத்தப்பட்டவர்கள். பனிப்போர் காலத்தில் மேற்கு நாடுகளுக்கு அது ஒரு பிரச்சினை தீர்ந்த மாதிரி. 2025 நவம்பரில் சுகார்த்தோவுக்குத் தேசிய வீரர் பட்டமே கொடுத்துவிட்டார்கள்.

இதுவரை அடுத்தவர் வீட்டுக் கதை. இனி நம் கதை.

‘ஜப்பான்காரன் காலம்’ என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, ஜப்பான் சிங்கப்பூரையும் மலாயாவையும் பிடித்து வைத்திருந்த அந்தக் காலத்தின் பெரும்பகுதியில் ஜப்பானின் பிரதமர் ஹிடெக்கி தோஜோ. அவரைச் சர்வாதிகாரி என்று சொல்லலாமா என்பதில் வரலாற்றாசிரியர்களுக்குள் வாதம் உண்டு, அது கிடக்கட்டும். அவருடைய அரசுதான் தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க 415 கிலோமீட்டர் ரயில்பாதை போட்டது. சயாம் என்பது தாய்லாந்தின் பழைய பெயர்; சயாம் மரண ரயில் என்றால் இங்கே தெரியாதவர் குறைவு. மலாயா ரப்பர் தோட்டங்களில் ‘மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி கூலி’ என்று ஆசை காட்டினார்கள். அதற்கு மசியாதவர்களைப் பிடித்தே கொண்டுபோனார்கள். பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவர்களைச் சரக்குப் பெட்டிகளில் அடைத்து சயாமுக்கு அனுப்பினார்கள். அப்படி மலாயாவிலிருந்து போனவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1943 மழைக்காலத்தில் முகாம்களில் காலரா புகுந்தது. செத்த ஆசியத் தொழிலாளர்கள் 90,000 என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. ஜப்பானிடம் பிடிபட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளில் செத்தவர்கள் 12,000க்கு மேல்.

போர் முடிந்த கையோடு, 1945 செப்டம்பரில், ஒரு குழு அந்தப் பாதை நெடுக நடந்து கைதிகளின் கல்லறைகளைத் தேடியது. பத்தாயிரத்துக்கும் மேல் கண்டுபிடித்தார்கள். அது முடிந்ததற்குக் காரணம், படைப்பிரிவுகளிடம் பெயர்ப்பட்டியல் இருந்தது. முகாமில் ஒளித்து எழுதிய குறிப்புகள் இருந்தன. இன்றைக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசையாக, பெயரோடு, புல் வெட்டிச் சுத்தமாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு யாரும் அப்படித் தேடவில்லை. தோட்டத்தில் விட்டுவந்த மனைவிக்குச் சாவுச் செய்திகூடப் போகவில்லை.

இதற்கு வெள்ளைக்காரனை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் 1943 ஜூலை 6ஆம் தேதியை நினைத்துப் பாருங்கள். இங்கே, நம் பாடாங் திடலில், நேதாஜியோடு நின்று இந்திய தேசிய ராணுவத்தின் அணிவகுப்பைத் தோஜோ பார்வையிட்டார். அணிவகுத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். அதே ஜூலையில்தான் சயாமில் காலராவும் மழையும் நம்மவர்களை வாரிக்கொண்டிருந்தன. அக்டோபர் நடுவில் ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. அந்த வாரமே, 21ஆம் தேதி, கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்திய அரசு அறிவிக்கப்பட்டது.

நேதாஜியின் படையில் சேர்ந்தவர்களின் தியாகத்தில் எனக்குத் துளி சந்தேகம் இல்லை. தோட்டத்தில் கூலியாக நடத்தப்பட்டவனை முதன்முதலாக மனிதனாக நிமிர்த்தியது அந்தப் படை. ஆனால் நம்மை அடிமைப்படுத்தியவனுக்கு எதிரி என்பதால் தோஜோ நமக்கு வேண்டியவரானார். அதனால் அணிவகுப்பின் கதையை நாம் பெருமையோடு சொன்னோம், ரயிலின் கதையைத் தாழ்ந்த குரலில் சொன்னோம். வாஷிங்டன் செய்ததை, பெய்ஜிங் செய்ததை, நாமும்தான் செய்தோம். தோஜோவை 1948 டிசம்பரில் தூக்கிலிட்டார்கள். அவருக்குத் தீர்ப்பு எழுதிய மேசைக்கு நம் தோட்டப் பெண்களில் ஒருத்தியும் போய்ச் சாட்சி சொல்லவில்லை.

நம் தேசிய ஆவணக் காப்பகத்தில் வாய்மொழி வரலாறு பதிவாகத் தொடங்கியது 1979இல். ஜப்பானியர் காலம் பற்றிய பேட்டிகள் அங்கே ஏராளம், அவற்றைக் கேளுங்கள். சயாமுக்குப் போய்த் திரும்பியவர்கள் இன்று நம்மிடையே அநேகமாக இல்லை. அவர்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள், எண்பதைத் தாண்டியவர்கள். இந்த அவையிலும் சிலர் இருக்கலாம். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் இந்த வாரமே உட்காருங்கள். அப்பா எந்தத் தோட்டத்திலிருந்து போனார், கூடப் போனவர்கள் பெயர் என்ன, யார் திரும்பவில்லை என்று கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். பெயர்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எழுதி வையுங்கள்.