எண்ணிக்கைக்கும் பதவியேற்புக்கும் நடுவே

நேயர்களுக்கு வணக்கம். தேர்தல் என்றதும் வாக்களிக்கும் நாளும் முடிவு வெளியாகும் நாளும் நினைவுக்கு வருகின்றன. முடிவு வெளியான பிறகு புதியவர் பதவியேற்கும் வரை செல்லும் நாட்களை நாம் பெரும்பாலும் கவனிப்பதில்லை. அண்மைக் காலத்தில் பல நாடுகளில் ஆட்சி மாற்றம் இடறியது அந்த நாட்களில்தான் என்பதால், இன்று அவற்றைப் பற்றியே பேச விரும்புகிறேன்.

தோற்றவர் முடிவை ஏற்க மறுத்தாலே மக்களாட்சிக்கு ஆபத்து வந்துவிட்டது என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முறைகேடு நடந்ததாக நம்பும் வேட்பாளர் முறையிடத்தான் வேண்டும். சில வேளைகளில் அந்த முறையீடு சரியாகவும் இருந்திருக்கிறது. முறையீட்டைக் கேட்க இரு தரப்பும் நம்பும் ஒரு மன்றம் இல்லாதபோதும், விசாரணை முடிய வேண்டிய கடைசி நாள் முன்கூட்டியே வரையறுக்கப்படாதபோதும்தான் தகராறு தெருவுக்கு வருகிறது.

கென்யாவில் 2007 டிசம்பர் 27 அன்று நடந்த தேர்தலை எடுத்துக்கொள்வோம். எண்ணிக்கை குறித்த ஐயங்கள் தீராத நிலையில், டிசம்பர் 30 அன்று, பதவியில் இருந்த அதிபர் முவாய் கிபாக்கியே வென்றதாகத் தேர்தல் ஆணையம் அறிவித்தது. அறிவித்த சிறிது நேரத்திலேயே அவர் அதிபர் மாளிகையில் பதவியேற்றும் விட்டார். எதிர்த்துப் போட்டியிட்ட ராய்லா ஒடிங்காவின் தரப்பு, நீதிமன்றத்தின் மீது நம்பிக்கை இல்லை என்று சொல்லி அங்கே செல்ல மறுத்தது. அடுத்த சில வாரங்களில் 1,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். எண்ணிக்கை சரியா தவறா என்று பார்க்க ஒரு நாள்கூட இடம் தராத அந்த அவசரப் பதவியேற்பைத்தான் நான் முதல் குற்றமாகக் கருதுகிறேன்.

அந்தப் பேரிழப்புக்குப் பிறகு 2010-இல் கென்யா புதிய அரசியல் சாசனத்தை இயற்றியது. முடிவு அறிவித்த 7 நாட்களுக்குள் மனு, மனு வந்த 14 நாட்களுக்குள் உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு, அதுவரை பதவியேற்பு இல்லை என்று விதி வந்தது. 2017 செப்டம்பர் 1 அன்று அதே உச்ச நீதிமன்றம், பதவியில் இருந்த உஹுரு கென்யாட்டாவின் வெற்றியைச் செல்லாது என்று அறிவித்தது. ஆனால் அக்டோபரில் நடந்த மறுதேர்தலை ஒடிங்கா புறக்கணித்ததால், வாக்களித்தோர் எண்ணிக்கை பெருமளவு சரிந்தது. மன்றம் துணிந்தால் மட்டும் போதாது, மறுதேர்தலை நடத்தும் ஆணையத்தின் மீதும் நம்பிக்கை வேண்டும் என்பது அப்போது தெரிந்தது.

மன்றமே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் காம்பியா சான்று. 22 ஆண்டுகள் ஆண்ட யாயா ஜாமே, 2016 டிசம்பரில் தோல்வியைத் தொலைக்காட்சியிலேயே ஒப்புக்கொண்டார். ஒரே வாரத்தில் அதைத் திரும்பப் பெற்று, உச்ச நீதிமன்றத்துக்குப் போவதாகச் சொன்னார். அந்த நீதிமன்றத்திலோ வழக்கைக் கேட்கப் போதிய நீதிபதிகள் இல்லை. பல மாதங்களாகவே அதன் இருக்கைகள் காலியாகக் கிடந்தன. வென்ற அடாமா பாரோ, 2017 ஜனவரி 19 அன்று அண்டை நாடான செனகலில், காம்பியத் தூதரகத்துக்குள் பதவியேற்க வேண்டியதாயிற்று. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படைகள் எல்லையைக் கடந்த பிறகே ஜாமே நாட்டை விட்டு வெளியேறினார். தோற்றவரின் பெருந்தன்மையை மட்டும் நம்பி ஓர் ஏற்பாட்டை அமைக்க முடியாது என்று நான் சொல்வதற்கு, அந்த ஒரு வார இடைவெளியே போதுமான காரணம்.

அமெரிக்காவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பொருளை முடிக்க இயலாது. 1876 தேர்தலில் புளோரிடா, லூசியானா, தென் கரோலினா ஆகிய மூன்று மாநிலங்களிலிருந்து ஒன்றுக்கொன்று முரணான முடிவுகள் தலைநகருக்கு வந்தன. 15 பேர் கொண்ட ஆணையம் 8-க்கு 7 என்ற கணக்கில் தீர்த்து, பதவியேற்புக்குச் சில நாட்களுக்கு முன்புதான் ரதர்ஃபோர்டு ஹேஸ் வென்றதாக அறிவிக்கப்பட்டது. போர் மூளவில்லை. ஆனால் அதையொட்டித் தென் மாநிலங்களிலிருந்து கூட்டரசின் படைகள் விலக்கிக்கொள்ளப்பட்டன. அங்கே வாழ்ந்த கறுப்பின மக்களின் வாக்குரிமை பல தலைமுறைகளுக்குப் பறிபோனது. அமைதியான ஆட்சி மாற்றம் என்று புகழ்வதற்கு முன், அந்த அமைதிக்கான விலையை யார் கொடுத்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும்.

அதே நாட்டில் 2000-இல் புளோரிடா மாநிலத்தின் வித்தியாசம் வெறும் 537 வாக்குகள். உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்திய தீர்ப்பை இன்றும் பலர் ஏற்பதில்லை. தோற்ற அல் கோரே தமக்கு அதில் உடன்பாடு இல்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். சொல்லிவிட்டு விலகினார், அடுத்த ஜனவரியில் துணை அதிபர் என்ற முறையில் தலைமை தாங்கி, தம் போட்டியாளரின் வெற்றியைத் தாமே அறிவித்தார். 2020 தேர்தலுக்குப் பிறகு, தோற்ற அதிபர் டொனால்ட் டிரம்பின் தரப்பில் 60-க்கும் மேற்பட்ட வழக்குகள் தொடுக்கப்பட்டு, ஏறக்குறைய அனைத்தும் தோற்றன. ஜார்ஜியா மாநிலத்தில் சுமார் 50 லட்சம் காகித வாக்குகள் கையால் எண்ணிச் சரிபார்க்கப்பட்டன. மன்றமும் ஆவணமும் தம் வேலையைச் செய்து முடித்த பின்னும், 2021 ஜனவரி 6 அன்று அவரது ஆதரவாளர் கூட்டம் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தது. துணை அதிபரால் முடிவை மாற்ற முடியும் என்ற வாதத்துக்கு இடம் கொடுத்தது, மாநிலங்களின் முடிவுகளை நாடாளுமன்றத்தில் எண்ணும் முறையைச் சொல்லும் 1887-ஆம் ஆண்டுச் சட்டத்தின் தெளிவற்ற நடை. 2022-இல்தான் அது திருத்தப்பட்டு, துணை அதிபரின் பங்கு வெறும் சடங்கே என்று எழுதப்பட்டது. சட்டத்தில் குழப்பமான ஒரு வரி 100 ஆண்டுகளுக்கும் மேல் கண்டுகொள்ளப்படாமல் கிடப்பது எனக்கு வியப்பளிக்கவில்லை; வெற்றி தெளிவாக இருக்கும் ஆண்டுகளில் அதை யார் படிக்கப் போகிறார்கள்?

ஆவணம் இருந்தும் அதை ஏற்கும் மன்றம் இல்லாத நிலை வெனிசுவேலாவில் ஏற்பட்டது. 2024 ஜூலையில் நிக்கோலஸ் மதுரோ வென்றதாக அறிவித்த தேர்தல் ஆணையம், வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கையை வெளியிடவில்லை. எதிர்க்கட்சியின் முகவர்கள் 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட எண்ணிக்கைத் தாள்களைத் திரட்டிப் பொதுவில் வைத்தார்கள். 2025 ஜனவரியில் மதுரோவே மீண்டும் பதவியேற்றார்.

இவற்றுக்கிடையே நான் அதிகம் யோசித்தது மலாவியைப் பற்றித்தான். 2019 மே மாதத் தேர்தலில் அதிபர் பீட்டர் முத்தாரிகா வென்றதாக அறிவிக்கப்பட்டபோது, பல எண்ணிக்கைத் தாள்களில் எண்கள் ஒயிட்னரால் அழித்து மாற்றப்பட்டிருந்தன. மாதக்கணக்கில் ஊர்வலங்கள் நடந்தன. ஆனாலும் எதிர்க்கட்சிகள் வழக்கைக் கைவிடவில்லை. 2020 பிப்ரவரி 3 அன்று, இராணுவப் பாதுகாப்போடு வந்த ஐந்து நீதிபதிகள், சுமார் 500 பக்கத் தீர்ப்பைப் படித்துத் தேர்தலை ரத்து செய்தார்கள். அவர்களுக்கு லஞ்சம் கொடுக்க முயன்றதாக வங்கியாளர் ஒருவர் பின்னர் தண்டிக்கப்பட்டார்.

ரத்தான பிறகு எழும் கேள்வி கடினமானது: மறுதேர்தல் வரை ஆட்சியில் இருப்பவர் யார்? 2016-இல் ஆஸ்திரியாவிலும் அதிபர் தேர்தல் ரத்தானது; வாக்குகளை எண்ணியதில் மோசடி நடந்ததாக எந்தச் சான்றும் இல்லை, அஞ்சல் வாக்குகளைக் கையாண்ட முறையும், முடிவுகளை முன்கூட்டியே வெளியே சொன்னதும்தான் விதிக்குப் புறம்பானவை. அங்கே பழைய அதிபர் காலம் முடிந்து விலகினார். நாடாளுமன்றத்தின் மூன்று தலைவர்கள் கூட்டாக அப்பொறுப்பை வகித்தார்கள். மலாவியிலோ முத்தாரிகாவே பதவியில் நீடித்தார். மறுதேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கையில், தலைமை நீதிபதி ஓய்வுக்கு முன் விடுப்பில் செல்வார் என்று அவரது அரசு அறிவித்தது. நீதித்துறை அதை எதிர்த்தது. வழக்கறிஞர்கள் வீதியில் இறங்கினார்கள். தலைமை நீதிபதி நகரவில்லை. வழக்கின் தரப்பினரில் ஒருவர் அதிகாரத்தோடு காத்திருப்பதும் மற்றவர் வெறுங்கையோடு காத்திருப்பதும் எந்த விசாரணைக்கும் ஏற்றதல்ல என்பதால், இந்த ஒன்றில் ஆஸ்திரியாவின் வழியே மேலானது என்பது என் கருத்து.

2020 ஜூன் 23 அன்று நடந்த மறுதேர்தலில் எதிர்க்கட்சித் தலைவர் லாசரஸ் சக்வேரா வென்று, ஐந்தே நாட்களில் பதவியேற்றார். ஐந்து ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பரில், அதே முத்தாரிகா அவரைத் தோற்கடித்தபோது, அதிகாரபூர்வ முடிவு முழுமையாக வெளிவருவதற்கு முன்பே சக்வேரா தோல்வியை ஏற்று நாட்டு மக்களிடம் பேசினார்.