யாருக்குத் தெரியாமல் இருந்தது?

அனைவருக்கும் வணக்கம்.

காலப்பயணக் கதைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய காலத்து உடை, குதிரை வண்டி, மெழுகுவத்தி வெளிச்சம், நடுவில் திசை தெரியாமல் தவிக்கும் நம் காலத்து மனுஷி ஒருத்தி. விடிய விடிய உட்கார்ந்து பார்ப்பேன். ஆனால் கதை, அடிமைகளை வைத்து வேலை வாங்கிய அமெரிக்கத் தோட்டங்களுக்குள் நுழைந்ததும் மனசுக்குள் ஒரு முள் குத்த ஆரம்பித்துவிடும். அந்த முள்ளைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நம் கதாநாயகி 1770 வாக்கில் வட கரோலினாவில் போய் இறங்குகிறாள். பெரிய தோட்டத்து மாளிகை ஒன்றில் விருந்தாளியாகத் தங்குகிறாள். காலையில் அவளுக்குத் தலை வாரிவிட ஒரு கறுப்பினப் பெண் வந்து நிற்கிறாள். அந்தப் பெண் இந்த வீட்டு அடிமை என்று தெரிந்ததும் கதாநாயகி துடித்துப்போகிறாள். ‘எனக்கு யாரும் அடிமை வேலை செய்யக் கூடாது’ என்று திருப்பி அனுப்பிவிடுகிறாள். கேமரா அவளுடைய கலங்கிய கண்களில் போய் நிற்கிறது. நாமும் கலங்கிவிடுகிறோம்.

சரி, திருப்பி அனுப்பப்பட்ட அந்தப் பெண் என்ன ஆனாள்? ‘விருந்தாளி கோபப்படும்படி என்ன செய்தாய்?’ என்று எஜமானி கேட்பாள். வீட்டு வேலையிலிருந்து வயல் வேலைக்கு விரட்டுவாள். நினைத்தால் விற்றும் விடலாம், சட்டம் இடம் கொடுத்தது. கதாநாயகியின் மனசாட்சிக்கு அவளுடைய உடம்பு விலை கொடுக்கிறது. கேமரா மட்டும் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

அப்புறம், இந்தக் கதைகளில் கட்டாயம் வரும் இன்னொரு திருப்பம். தோட்டம் கதாநாயகியின் கைக்கு வருவதாக இருக்கிறது. ‘வந்த மறுநாளே எல்லோரையும் விடுதலை செய்வேன்’ என்கிறாள். பார்க்கிற நாமும் அதைத்தான் சொல்வோம். ஆனால் வட கரோலினாவில் 1741ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருந்தது. சிறப்பான சேவை செய்தவர் என்று மாவட்ட நீதிமன்றம் ஒத்துக்கொண்டு அனுமதி தந்தால் மட்டும்தான் ஓர் அடிமையை விடுவிக்க முடியும். அனுமதி இல்லாமல் விடுவித்தால்? ஆறு மாதம் கழித்தும் அவர் அந்த வட்டாரத்தில் இருந்தால், தேவாலய நிர்வாகிகளே அவரைப் பிடித்து விற்றுவிடலாம். ஆமாம், தேவாலய நிர்வாகிகள். ஓர் எஜமானுக்கு மனசு மாறினாலும் அடிமைத்தனம் மாறாதபடி கட்டி வைத்திருந்தார்கள்.

இது ஏட்டில் மட்டும் கிடந்த சட்டம் இல்லை. குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் அங்கே இருந்தார்கள். அவர்களிலும் அடிமைகளை வைத்திருந்தவர்கள் உண்டு. அது பாவம் என்ற முடிவுக்கு வந்து, 1776ஐ ஒட்டி வட கரோலினா குவேக்கர்கள் பலர் தங்கள் அடிமைகளை விடுவித்தார்கள். எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று அமெரிக்கா உலகத்துக்கு அறிவித்த அதே நேரம். மறு வருஷமே, 1777இல், வட கரோலினா சட்டசபை புதுச் சட்டம் போட்டது. விடுதலையானவர்களைத் தேடிப் பிடித்து மறுபடியும் ஏலத்தில் விற்றார்கள்.

தப்பியவர்களில் ஒருவர் ஜூபிடர் நிக்கல்சன். எஜமான் விடுவித்த பிறகு கப்பலில் வேலை பார்த்தார். கரைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் ஆயுதங்களோடும் நாயோடும் ஆட்கள் துரத்தினார்கள். மனைவியைக் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக வர்ஜீனியாவுக்கு ஓடினார். போர்ட்ஸ்மவுத் நகரில் மரம் அறுத்துப் பிழைத்தார். பிறகு ஃபிலடெல்ஃபியா. அவருடைய அப்பா, அம்மா, சகோதரன் எல்லோரையும் பிடித்து விற்றுவிட்டார்கள். அவரும், அவரைப் போலவே தப்பி வந்த ஜேக்கப் நிக்கல்சன், ஜோப் ஆல்பர்ட், தாமஸ் பிரிட்செட் ஆகிய மூவரும் சேர்ந்து 1797 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு ஒரு மனு கொடுத்தார்கள். தங்களுக்கு நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்லி, இது நியாயமா என்று கேட்டார்கள். அதன் பிரதிநிதிகள் சபை அந்த மனுவை வாங்குவதா வேண்டாமா என்றே வாக்கெடுத்தது. வாங்க வேண்டாம் என்றவர்கள் 50 பேர். வாங்கலாம் என்றவர்கள் 33 பேர்.

இந்த மனுவைப் பற்றி முதன்முதலாகப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரைக்கும் நானும், ‘அந்தக் காலத்தில் அப்படித்தான் இருந்தார்கள், அது தப்பு என்று யாருக்கும் தெரியாது’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன்தான். யாருக்குத் தெரியாது? ஜூபிடர் நிக்கல்சனுக்குத் தெரியாதா? அவருடைய அம்மாவுக்குத் தெரியாதா? மனுவை வாங்கலாம் என்று கை தூக்கிய 33 பேருக்குத் தெரியாதா? ‘அந்தக் காலத்து மனிதர்கள்’ என்று நாம் சொல்லும்போது எஜமானர்களை மட்டும்தான் மனிதர்களாக எண்ணுகிறோம். அதுதான் எனக்குக் குத்துகிற முள்.

எஜமானர்களுக்கும் தெரிந்துதான் இருந்தது. அன்றைய செய்தித்தாள்களைப் பாருங்கள். ஓடிப்போன அடிமையைப் பிடித்துத் தந்தால் வெகுமதி என்று இதழுக்கு இதழ் விளம்பரம். உயரம், முதுகில் சாட்டைத் தழும்பு, இன்ன ஊரில் மனைவி இருக்கிறாள், அங்கே போயிருக்கலாம் என்று காசு கொடுத்து அச்சடித்தார்கள். இந்த வாழ்க்கையை அடிமைகள் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள் என்று நிஜமாகவே நம்பியவர்கள் செய்கிற காரியமா இது?

கதாநாயகி ஓர் அடிமைச் சிறுவனுக்கு ரகசியமாக எழுத்து கற்றுக்கொடுப்பதும் அடிக்கடி வரும். 1830இல் வட கரோலினா அதையும் தடை செய்தது. கற்றுக்கொடுப்பவர் வெள்ளையர் என்றால் 100 முதல் 200 டாலர் வரை அபராதம், அல்லது சிறை. அடிமையாக இருந்தால் 39 கசையடி. எண்களைச் சொல்லித்தர மட்டும் தடை இல்லை. எண்ணத் தெரிந்தவன் வேலைக்கு ஆவான், படிக்கத் தெரிந்தவன் கலகம் செய்வான் என்று கணக்குப் போட்டார்கள்.

அதே மாநிலத்து ஈடன்டன் ஊரில் ஹேரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண், எஜமானின் தொல்லைக்குப் பயந்து பாட்டி வீட்டுக் கூரைக்கு அடியில் ஒளிந்திருந்தார். 9 அடி நீளம், 7 அடி அகலம், உயரமான இடத்திலேயே 3 அடிதான். நிமிர்ந்து நிற்க முடியாது. கீழே தன் பிள்ளைகள் பேசுவது கேட்கும், ‘அம்மா இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்ல முடியாது. ஏறக்குறைய ஏழு வருஷம். 1842இல் அடிமைமுறை இல்லாத வடக்கு மாநிலங்களுக்குத் தப்பினார், பிறகு தன் கதையைத் தானே எழுதினார். எதிர்காலத்திலிருந்து யாராவது வந்து இது அநியாயம் என்று அவருக்குச் சொல்ல வேண்டியிருந்ததா?

காலப்பயணக் கதைகளே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல மனசு மட்டும் போதாத ஓர் இடத்தில் நம்மைக் கொண்டுபோய் நிறுத்த இந்தக் கதை வடிவத்தால் முடியும். எழுதுகிறவர்களிடம் நான் கேட்பதெல்லாம் ஒன்றுதான். தலை வார வந்த அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வையுங்கள். காலையில் அவளை அனுப்பிவிட்ட கதாநாயகி, ராத்திரி அவளைத் தேடிப் போகட்டும். ‘தோட்டம் என் கைக்கு வந்ததும் உன்னை விட்டுவிடுகிறேன், நீ எங்கே வேண்டுமானாலும் போகலாம்’ என்று சொல்லட்டும். அப்போது அந்தப் பெண் வாயைத் திறக்கட்டும்: ‘கோர்ட் அனுமதி வாங்கிவிடுவீர்களா அம்மா? என் மகளுக்கும் சேர்த்து?’