மக்கும் இரண்டைச் சேர்த்தால் பலம் எப்படி வரும்?

வணக்கம். மஸ்கெலியாவில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: "மக்கும் பிளாஸ்டிக்கில் வாழை நார், கித்துல் நார் கலந்தால் பலமாகும் என்று போன காணொளியில் சொன்னீர்கள். நாரும் மக்கும், பிளாஸ்டிக்கும் மக்கும். மக்குகிற இரண்டைச் சேர்த்தால் பலம் எங்கே இருந்து வரும்?" இந்தக் கேள்வி இரண்டு நாளாக என்னை விடவே இல்லை. அவ்வளவு நல்ல கேள்வி.

முதலில் ஒன்று. மக்குவது வேறு, பலம் வேறு. தேக்கு மரமும் மக்கும், ஆனால் வீட்டைத் தாங்கும். மக்குவது என்றால் நுண்ணுயிர்கள் அதைத் தின்ன முடியும் என்று அர்த்தம். இழுத்தால் அறுமா என்பது தனிக் கணக்கு.

எங்கள் லயத்துக்குப் பின்னால் தாத்தா கட்டிய மண் குசினி இருந்தது. மண்ணைக் குழைக்கும்போது மானாப்புல்லை விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்டு மிதிப்பார். வெறும் மண் காய்ந்ததும் வெடித்துவிடும். புல் இருந்தால் வெடிப்பு ஓடி வந்து புல்லில் முட்டி நின்றுவிடும், மேலே போக வேண்டுமென்றால் புல்லை அறுக்க வேண்டும் அல்லது உருவ வேண்டும். சோளம், கரும்பில் இருந்து செய்கிற பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக்கும் அப்படித்தான். விறைப்பாக இருக்கும், ஆனால் நூற்றுக்குச் சில பங்கு நீண்டதுமே படக்கென்று உடைந்துவிடும். நார் உள்ளே இருந்தால் இழுக்கிற பாரத்தைப் பிளாஸ்டிக் நாரிடம் கொடுத்துவிடும்.

ஆனால் கொடுக்க வேண்டுமே! கூடை பற்றிய காணொளியில் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்: எல்லாம் பிடிப்பில் இருக்கிறது. நாருக்குத் தண்ணீர் பிடிக்கும், பிளாஸ்டிக்குக்குப் பிடிக்காது. அதனால் இரண்டும் சரியாக ஒட்டாது. பாடசாலையில் பிள்ளைகளோடு வாழை நாரை அப்படியே பி.எல்.ஏ.யில் வைத்து அழுத்தி ஒரு பட்டி செய்தோம். உடைத்துப் பார்த்தால் நார் அறுந்திருக்கவே இல்லை. முழுசாக உருவிக்கொண்டு வந்திருந்தது, அது இருந்த இடத்தில் ஊசி குத்தியது போல ஓட்டை. ஒரு பிள்ளை, "சேர், எண்ணெய்க் கையால் கயிறு இழுத்த மாதிரி" என்றாள். அதைவிட நன்றாக என்னால் சொல்ல முடியாது. அதனால்தான் நாரை முதலில் மெல்லிய காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்துக் கழுவுகிறார்கள். மேலே இருக்கிற மெழுகும், நாரில் தண்ணீரை இழுக்கிற ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருளில் ஒரு பங்கும் போய், நார் சொரசொரப்பாகிவிடும். பிளாஸ்டிக் அதில் பிடித்துக்கொள்ளும்.

அப்புறம் ஈரம். நம் மலை மூட்டத்தில் வெளியே வைத்த நார் தன் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை ஈரத்தை வைத்திருக்கும். அதோடு 170 பாகைக்கு மேல் உருகிய பி.எல்.ஏ.யில் போட்டால் நீராவி குமிழாகும், பிளாஸ்டிக்கின் நீண்ட சங்கிலிகளும் தண்ணீரால் அறுந்துபோகும். சூட்டை 200க்கு மேல் ஏற்றினால் நாரே கருக ஆரம்பிக்கும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது புதிதில்லை. தூளை மூன்று சதவீத ஈரத்துக்குக் காய வைத்தாலும், திறந்து வைத்தால் அது காற்றில் இருந்து மறுபடி இழுத்துக்கொள்ளும். நாரையும் காய வைத்த கையோடு கலக்க வேண்டும். தொழிற்சாலையில் ஒதுக்குகிற தேயிலை நாரைக் கலக்கலாமா என்று பலர் கேட்கிறீர்கள். கலக்கலாம். ஆனால் அது மிகவும் குட்டை. குட்டை நாரில் பிடிப்பு போதாமல் அறுவதற்கு முன்பே உருவி வந்துவிடும். விறைப்பு கூடும், செலவு குறையும், இழுவைப் பலத்தை அதில் எதிர்பார்க்காதீர்கள்.

சரி தங்கச்சி, நீங்கள் கேட்காத ஒன்று என் மனதில் இருக்கிறது. இது நம் மண்ணில் மக்குமா? பி.எல்.ஏ. ஒழுங்காக மக்க 58 பாகை அளவு சூடான உரக்குவியல் வேண்டும். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை. தேயிலை மலையில் வீசினால் வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும். 'மக்கும்' என்று அச்சடித்த பையைக் கானில் போடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

நம் குளிர் மண்ணுக்கு நான் நினைப்பது பி.எச்.ஏ. என்ற இன்னொரு வகைப் பிளாஸ்டிக். 1926இல் மொரிஸ் லெமுவாஞ் என்ற பிரெஞ்சுக்காரர் பாக்டீரியாவுக்குள் கண்டுபிடித்தது. பாக்டீரியாவே சேமித்து வைக்கிற உணவு, அதனால் மண்ணில் இருக்கிற மற்ற நுண்ணுயிர்களுக்கும் அதைத் தின்னத் தெரியும். குளிரில் மெதுவாகத்தான் தின்னும், ஆனால் 58 பாகைக்காகக் காத்திருக்காது. அதில் நாரைச் சேர்த்தால் இன்னொரு நன்மை: நார் வழியாகத் தண்ணீர் உள்ளே ஊறும், தண்ணீரோடு நுண்ணுயிரும் போகும். பாவிக்கும்போது பலம் கொடுத்த அதே நார், புதைத்த பிறகு வழி திறந்துவிடும்.

நான் ஆசைப்படுவது தவறணையில், அதாவது கன்று வளர்க்கிற நாற்றுமேடையில், தேயிலைக் கன்று வைக்கிற பையை இதில் செய்ய. கன்று வளருகிற மாதங்கள் முழுக்கத் தினமும் தண்ணீர் படும், அதுவரை கிழியக் கூடாது. நட்ட பிறகு வேர் வெளியே வர விட வேண்டும். உங்கள் தோட்டத்துத் தவறணையில் கன்று எத்தனை மாதம் பையில் இருக்கிறது, கிழிந்த பொலித்தீனை என்ன செய்கிறார்கள் என்று அங்கே வேலை செய்கிற அக்காமாரிடம் கேட்டு எழுதுங்கள். அடுத்த பட்டியை அந்தக் கணக்குக்குச் செய்து பார்ப்போம்.