கம்பனிப் பெயரா, கியர்பொக்ஸா? திருகோணமலையில் ஜப்பான் கார் எடுக்கும் முன்

(திரையில்: ஒரு கார் விற்பனை நிலையத்தின் முன்வரிசை. கழுவி மினுக்கிய பொனற்கள். குரல் தொடங்குகிறது.)

"டொயோட்டா தானே தம்பி, கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ."

திருகோணமலையில் கார் பார்க்கப் போன எவருக்கும் இந்த வசனம் பழக்கம். முழுப் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் இதற்குள் மூன்று சங்கதிகள் ஒன்றாக முடிச்சுப் போட்டுக் கிடக்கின்றன. கார் அடிக்கடி பழுதாகாது என்பது ஒன்று. பழுதானால் ஆளும் சாமானும் கிடைக்கும் என்பது இன்னொன்று. விற்கும்போது காசு விழாது என்பது மற்றது. விற்பவர் கடைசியை மனதில் வைத்துச் சொல்கிறார், வாங்குபவர் முதலாவதைக் கேட்டதாக நினைத்து முற்பணம் கட்டுகிறார். நடுவில் உள்ளதைப் பற்றி இருவருமே வாய் திறப்பதில்லை. கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் தள்ளி இருக்கிற ஊரில் காசைத் தின்பது அந்த நடுவில் உள்ளதுதான்.

இன்னொரு விடயம். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. அதனால் இன்று கைமாறுகிற கார்களில் பெரும்பகுதி பத்து வயதைத் தொட்டவை. கம்பனி பெயர் எடுத்தது அந்தக் கார் புதிதாக இருந்தபோது. நீங்கள் வாங்கப்போவது அதன் முதுமையை.

(திரையில்: மூன்றாம் தலைமுறை பிரியஸ். பொனற் திறந்திருக்கிறது.)

டொயோட்டாவிலிருந்தே தொடங்குவோம். 2009 முதல் 2015 வரை வந்த பிரியஸ், 1.8 லீற்றர் இஞ்சின். பெயருக்குக் குறைவில்லை. ஆனால் இந்த இஞ்சினுக்கு ஒரு தெரிந்த நோய் உண்டு. எரிந்த புகையில் ஒரு பங்கைக் குளிரவைத்து மீண்டும் இஞ்சினுக்குள் அனுப்புகிற குழாய்த்தொகுதி ஒன்று இருக்கிறது, கராஜில் ஈஜிஆர் என்பார்கள். அந்தக் குளிர்விப்பானுக்குள் கரி படிந்து அடைக்கும். அடைத்தால் சிலிண்டர்களுக்குள் வெப்பம் கூடும், காலப்போக்கில் சிலிண்டர்களின் மேல்மூடியை அடைக்கும் ஹெட் காஸ்கெற் இளகி, இஞ்சினைக் குளிரவைக்கும் கூலன்ற் துளித்துளியாகச் சிலிண்டருக்குள் இறங்கும். வெளியே ஒரு சொட்டும் ஒழுகாது, தாங்கியில் மட்டம் மட்டும் குறைந்துகொண்டே போகும்.

இதைப் பிடிக்க ஒரே வழி இஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போவது. காலை ஏழு மணிக்கு வருகிறேன், நான் வரும்வரை ஸ்ராட் பண்ணாதீர்கள் என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். போனவுடன் பொனற்றின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஸ்ராட் பண்ணி இஞ்சின் எழுந்த முதல் சில விநாடிகளில் கார் முழுக்கக் கடகடவென்று உதறி, பிறகு ஒன்றும் நடக்காததுபோல் அடங்கினால், இரவு முழுக்கச் சிலிண்டரில் தேங்கிய கூலன்ற் அது என்று சந்தேகிக்க நியாயம் இருக்கிறது. கூலன்ற் தாங்கியில் மட்டம் இரண்டு கோடுகளுக்கு இடையே நிற்க வேண்டும். ரேடியேட்டருக்குள் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி ஓட்டிய காரென்றால் துவாரத்தைச் சுற்றி வெள்ளைப் படிவு தெரியும். நம் ஊர்க் கிணறுகளின் உப்பும் சுண்ணாம்பும் அது. ஈஜிஆரைக் கழற்றிச் சுத்தம் செய்த பற்றுச்சீட்டு இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை அதைக் கழுவி வந்த பிரியஸை நம்பி எடுக்கலாம்.

ஹைபிரிட் பற்றரி அடுத்தது. இதே பிரியஸில் 28 மொடியூல்கள், ஒவ்வொன்றும் 7.2 வோல்ற், தொடராக இணைத்து 201.6 வோல்ற். கணினி அவற்றை இரண்டிரண்டாகச் சேர்த்து 14 புளொக்காகப் பார்க்கிறது. காரின் கணினியைப் படிக்கிற சின்ன ஓபிடி கருவி ஒன்றைச் செருகினால் கைப்பேசியில் 14 புளொக்கும் வரிசையாகத் தெரியும். நிற்கும்போது எல்லாம் நல்ல பிள்ளைகள். அழுத்தி மிதித்து ஓட்டும்போது பாருங்கள். ஒரு புளொக் மட்டும் மற்றவற்றைவிட 1 வோல்ற் அளவுக்குத் தாழ்ந்தால் பற்றரி படுக்கப் போகிறது. "செல் மாத்தினது, புதுசு மாதிரி" என்றால் இன்னும் கவனம். தொடர் இணைப்பில் மிகப் பலவீனமான மொடியூல்தான் எல்லாவற்றையும் கட்டுப்படுத்தும். செத்த இரண்டை எடுத்துவிட்டு வேறொரு பழைய பற்றரியின் இரண்டைப் போட்டால், சில மாதத்தில் பக்கத்து மொடியூல் கைவிடும், பிறகு அதற்குப் பக்கத்தது.

(திரையில்: பின் இருக்கை ஓரத்தில் சின்னக் காற்றுத் துவாரம். விரல் ஒன்று உள்ளே போய்ச் சாம்பல் நிறப் பஞ்சுடன் வெளியே வருகிறது.)

இதுதான் பல பற்றரிகளைக் கொன்றது. பற்றரியைக் குளிர்விக்கிற காற்று, நீங்கள் இருக்கிற அறையிலிருந்தே பின் இருக்கை ஓரத்துத் துவாரம் வழியாகப் போகிறது. நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் குடும்பமாகப் போய்வந்த காரில் அந்தத் துவாரத்தைச் சுற்றி மணல் இருக்கும். உள்ளே விசிறியின் இறக்கைகளில் தூசி திரண்டு கம்பளிபோல் ஒட்டியிருக்கும். விசிறி சுழலும், காற்று நகராது. டொயோட்டா அக்வாவிலும் இதே கதைதான், துவாரம் பின் இருக்கையின் கீழ்ப்பகுதியில். வருடம் ஒருமுறை அந்த விசிறியைக் கழற்றி ஊதுவது அரை நாள் வேலை. செய்யாமல் விட்டால் அதன் செலவு பற்றரி விலை.

அந்த ஓபிடி கருவியைப் போடும்போது இன்னொன்றையும் பாருங்கள். பிழைக் குறியீடு எதுவும் இல்லை, ஆனால் காரின் சுயபரிசோதனைகள் "முடியவில்லை" என்று காட்டுகிறது. யாரோ நேற்றோ இன்று காலையோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது 12 வோல்ற் பற்றரியைக் கழற்றிப் பூட்டியிருக்கிறார்கள்.

(திரையில்: உவர்மலை ஏற்றம். ஒரு ஃபிட் பாதி வழியில் நிற்கிறது.)

ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் என்று சொன்னவுடன் ஊரில் இரண்டு கட்சி. ஒருவர் தங்கம் என்பார், மற்றவர் கையெடுத்துக் கும்பிடுவார். இருவர் சொல்வதும் சரிதான், ஏனென்றால் இருவரும் பேசுவது இரண்டு வேறு காரைப் பற்றி. 2010இல் ஜீபீ 1 என்ற மொடல் குறியீட்டோடு வந்ததில் இருப்பது சாதாரண சீவீரி, அதாவது பல்லுக் கியருக்குப் பதில் பட்டியில் ஓடுகிற கியர்பொக்ஸ். 2013இல் வந்த ஜீபீ 5இல் இருப்பது 7 கியர் இரட்டைக் கிளச், அதுவும் ஒயிலில் நனையாத உலர் கிளச். ஊர்ந்து போகும் நெரிசலிலும் ஏற்றத்திலும் அது சூடேறும், தேயும், உதறும். அந்த ஃபிட் வெளிவந்து ஏறக்குறைய ஒரு வருடத்துக்குள் ஜப்பானிலேயே 5 தடவை திரும்ப அழைக்கப்பட்டது. ஐந்தாவது தடவை, 2014 ஒக்டோபரில், கம்பனித் தலைவரே தன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டார். பிறகு மென்பொருள் பல தடவை திருத்தப்பட்டது. ஆகவே ஜீபீ 5 பார்க்கும்போது கேட்க வேண்டியது "ஹொண்டா எப்படி" என்பதல்ல. திருத்தங்கள் இந்தக் காருக்குச் செய்யப்பட்டனவா, கிளச் மாற்றியதா, யார் மாற்றினார்.

சோதிக்க உவர்மலை போதும். நகருக்குள் இருபது நிமிடம் ஓட்டிச் சூடாக்குங்கள். ஏற்றத்தின் நடுவில் நிறுத்தி, பிறேக்கை விட்டு, மெதுவாக மிதித்து எழும்புங்கள். 20 கிலோமீற்றர் வேகத்துக்குள் கார் குதிரைபோல் உதறுகிறதா? பிறகு அதே ஏற்றத்தில் பின்னோக்கி ஏற்றுங்கள். கிளச் தேய்ந்த கார் அங்கே மறைக்க முடியாமல் காட்டிக்கொடுக்கும்.

வெளிநாட்டுத் தரவரிசைகளை இணையத்தில் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் ஜே.டி. பவர் நம்பகத்தன்மை ஆய்வு, மூன்று வயதுக் கார்களின் முதல் உரிமையாளர்களிடம், 100 காருக்கு எத்தனை முறைப்பாடு என்று எண்ணுவது. கைப்பேசி புளூடூத்தில் சேராததும் ஒரு முறைப்பாடு, கியர்பொக்ஸ் இறங்கியதும் ஒரு முறைப்பாடு. சுசுகி வேகன் ஆர் அமெரிக்காவில் விற்கப்படுவதே இல்லை. நிலாவெளி வீதியில் ஓடுகிற பத்து வயது வேகன் ஆர் பற்றி அந்தப் பட்டியலுக்கு எதுவும் தெரியாது.

பெயர்ப்பலகை எவ்வளவு மெல்லியது என்பதற்கு இதைப் பாருங்கள். மஸ்டா ஃபிளெயார் என்பது சுசுகி செய்து கொடுத்த வேகன் ஆர். நிசான் கிளிப்பர் வானின் பின்னாளைய வடிவம் சுசுகி எவ்ரிதான். டொயோட்டா ரைஸ் டைஹட்சு செய்தது. 2023 டிசம்பரில் டைஹட்சுவின் பாதுகாப்புச் சோதனை மோசடி வெளியானபோது, அதில் சிக்கிய 64 மொடல்களில் டொயோட்டா பெயரில் விற்றவையும் அடங்கின. சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் இதில் பேரமும் இருக்கிறது. மஸ்டா என்ற எழுத்துக்காக விலை குறைந்து நிற்கும் ஃபிளெயாருக்கு வேகன் ஆரின் சாமான் அப்படியே பொருந்தும். மலேசியப் பெரோடுவா அக்சியாவை ஏளனமாகப் பார்க்கிறவர்களும் உண்டு. அதன் மூன்று சிலிண்டர் இஞ்சின், 1.0 லீற்றர் டொயோட்டா விற்ஸில் இருக்கிற அதே குடும்பம்.

(திரையில்: கார் ஒன்றின் அடிப்பாகம், பின் சில்லு வளைவுக்குள் துரு.)

கடலைப் பற்றிப் பேசாமல் இந்த ஊரில் கார் பேச முடியாது. ஜப்பான் ஏலத்தில் காரைச் சோதித்து எழுதுகிற அறிக்கையில் 'எஸ்' என்ற எழுத்து துரு, 'சீ' என்றால் அரிப்பு. ஜப்பானின் வடக்கே பனிக்காலத்தில் வீதிக்கு உப்புத் தூவுவார்கள், அங்கே ஓடிய கார் துருவோடு இறங்கி, இங்கே வந்து கடற்காற்றில் மிச்சத்தை முடித்துக்கொள்ளும். மேலே பூசிய வர்ணத்தைப் பார்க்காதீர்கள். மேலதிகச் சில்லு வைக்கும் குழிக்குள் விரிப்பைத் தூக்குங்கள், பிறேக் குழாய்களை விரலால் தடவுங்கள், ஏசியின் முன் கொண்டென்சரில் தகடுகள் பொடியாக உதிர்கின்றனவா என்று பாருங்கள். அறிக்கையில் ஆண்டு ஜப்பான் கணக்கில் இருந்தால், ஹெய்செய் 30 என்பது 2018, ரெய்வா 3 என்பது 2021. கதவு ஓரத்தில் ஜப்பான் ஒயில் மாற்றிய ஸ்ரிக்கர் கிழியாமல் இருந்தால் அதில் திகதியும் கிலோமீற்றரும் இருக்கும். மீற்றரைத் திருப்புகிறவர்கள் பலர் அந்த ஸ்ரிக்கரை மறந்துவிடுகிறார்கள்.

வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் தகாட்டா என்ற ஜப்பான் கம்பனி செய்த ஏர்பேக் தனி ஆபத்து. அதற்குள் இருக்கும் அமோனியம் நைத்திரேற்று ஆண்டுக்கணக்கில் ஈரமும் சூடும் பட்டுக் கெட்டு, விபத்தில் அளவுக்கு மீறி வெடித்து உலோகத் துண்டுகளை முகத்தில் வீசும். 2000 முதல் 2015 வரையான காலத்துக் கார்கள் பலவற்றில் இது இருந்தது. டொயோட்டா, ஹொண்டா, நிசான் எல்லாமே மாட்டின. ஜப்பான் உள்ளூர்க் கார்களுக்கு 17 எழுத்து இலக்கம் கிடையாது, மொடல் குறியீடும் தொடரிலக்கமும் கொண்ட சேசி இலக்கம்தான். அமெரிக்கத் தளங்களில் அதைத் தேடிப் பயனில்லை. உற்பத்தியாளரின் ஜப்பான் தளத்தில் போட்டால், திரும்ப அழைத்துச் செய்ய வேண்டிய திருத்தம் எதுவும் நிலுவையில் உண்டா என்று காட்டும்.

நிசான் லீஃப்பை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். இங்கே அதிகம் வந்த 24 கிலோவாற்-மணி லீஃப்பின் பற்றரிக்குத் திரவக் குளிர்விப்பு இல்லை. கச்சான் காற்று வீசும் ஆடி ஆவணி வெயிலில் அது படும் பாடு ஜப்பானில் பட்டதல்ல. ஓட்டுநர் முன்பலகையில் பற்றரியின் கொள்ளளவைக் காட்ட 12 கோடுகள். முதல் கோடு போனாலே கொள்ளளவில் ஏறத்தாழ 15 வீதம் போய்விட்டது. எட்டுக் கோடோடு ஒரு லீஃப், கந்தளாய் போய்த் திரும்பி வருமா என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

(திரையில்: கராஜ் ஒன்றின் உள்ளே. இறக்கி வைத்த கியர்பொக்ஸ், ஒயில் போத்தல்கள்.)

இனி அந்த நடுவில் உள்ள சங்கதி: பழுதானால் ஆளும் சாமானும் கிடைக்குமா. முற்பணம் கட்டுமுன் ஒரு பின்னேரம் ஒதுக்குங்கள். அண்ணாவோ நானாவோ, ஊரில் நம்பும் இரண்டு மெக்கானிக்கிடம் போய், "இந்த மொடல் நல்லதா" என்று கேட்காதீர்கள். எல்லோரும் நல்லது என்றுதான் சொல்வார்கள். "இந்தக் கியர்பொக்ஸைக் கடைசியா எப்ப இறக்கினீங்கள்? என்ன ஒயில் விட்டீங்கள்?" என்று கேளுங்கள். வேகன் ஆர் சீவீரி என்றால் கிரீன் 2 என்ற பெயர் வாயில் வரவேண்டும், ஹைபிரிட் அல்லாத டொயோட்டா சீவீரி என்றால் எஃப்ஈ. "எல்லாம் ஒண்டுதான், நல்ல கியர் ஒயில் விடலாம்" என்று பதில் வந்தால் அந்தக் கராஜுக்கு அந்தக் காரைக் கொண்டுபோகாதீர்கள். சீவீரிக்குள் உலோகப் பட்டி, கூம்புத் தட்டுகளுக்கு இடையே உராய்வால் பிடித்து ஓடுகிறது. பிழையான ஒயில் அந்தப் பிடியை வழுக்க வைக்கும், தட்டில் கீறல் விழுந்தால் கியர்பொக்ஸ் முழுதாகப் போகும்.

பிறகு கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. முன்விளக்கு ஒன்று, முன் சொக் அப்சோபர் சோடி, சில்லு பெயாரிங், பக்கக் கண்ணாடி, பழைய கியர்பொக்ஸ் ஒன்று. விலையோடு எத்தனை நாளில் பஸ்ஸில் பார்சலாக வரும் என்றும் கேளுங்கள். முன்விளக்கு ஏன் பட்டியலில் முதல் என்று யோசிப்பீர்கள். நகர வீதியில் மான் நிற்கிற ஊர் இது, இரவில் கிண்ணியாப் பக்கம் மாடு படுத்திருக்கும். அக்வா, வேகன் ஆர் விளக்கு நாளைக்கே வரும். ஊரில் மூன்றே மூன்று ஓடுகிற ஒரு மொடலின் விளக்குக்கு "பாத்துச் சொல்றன்" என்று பதில் வந்தால், அந்தக் கார் எந்தக் கம்பனியாக இருந்தாலும் சரி, அதன் விலையிலிருந்து எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை அந்தப் பதிலே சொல்லிவிட்டது.

புது மின்சாரக் கார் எடுக்கிறவர்கள் முகவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை: உயர் மின்னழுத்தப் பகுதியில் கை வைக்கப் பயிற்சி பெற்ற ஆள் மிக அருகில் எந்த ஊரில் இருக்கிறார், கார் அசையாமல் நின்றால் ஹபரணை வழியாக ஏற்றிக்கொண்டு போகும் செலவு யாருடையது, உத்தரவாதத்துக்காக ஒவ்வொரு சேர்விசுக்கும் அங்கேதான் போகவேண்டுமா. மூன்றாவதற்கு ஆம் என்றால், போக வர ஒரு நாளும் சார்ஜ் செலவும் வருடத்துக்கு எத்தனை தடவை என்று பெருக்கி, காரின் விலைக்குக் கீழே பென்சிலால் எழுதிக்கொள்ளுங்கள்.