பற்றும் கையும் ஏந்தும் கையும்

நேயர்களுக்கு வணக்கம்.

வைணவ ஆசாரியர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு வழக்கைத் தொடுத்து வைத்திருக்கிறார்கள். குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே இறுகப் பற்றிக்கொள்ளும். தாய் மரத்துக்கு மரம் தாவும்போது விழாமல் இருப்பது குட்டியின் பாடு. பூனைக் குட்டியோ கண்ணை மூடிக் கிடக்கும். தாய்தான் கவ்விக்கொண்டு போக வேண்டும். அடியவன் இவற்றில் எந்தக் குட்டி என்பதில் வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் கருத்து வேறுபாடு. அதற்குத் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. கல்லூரியில் உளவியல் பாடம் நடத்தியவன் நான். ஆனாலும் அமெரிக்காவில் ஹாரி ஹார்லோ குரங்குக் குட்டிகளை வைத்துச் செய்த பரிசோதனைகளை விளக்க வகுப்பில் எழுந்து நிற்கும்போதெல்லாம் இந்த உவமைதான் எனக்கு முதலில் நினைவுக்கு வரும்.

அந்தப் பரிசோதனை எதற்கு மறுமொழியாக வந்தது என்பதைச் சொன்னால்தான் அதன் அருமை புரியும். 1928இல் ஜான் வாட்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் பெற்றோருக்காக ஒரு நூல் எழுதினார். பிள்ளைகளைக் கட்டி அணைக்காதீர்கள், மடியில் உட்காரவைக்காதீர்கள். வேண்டுமானால் இரவில் தூங்கப்போகும்போது நெற்றியில் ஒரு முத்தம், காலையில் ஒரு கைகுலுக்கல், அது போதும் என்றார். பதினோரு மாதக் குழந்தை வெள்ளெலியைத் தொடப் போகும்போதெல்லாம் அதன் தலைக்குப் பின்னால் இரும்புத் தண்டைச் சுத்தியலால் அடித்து, எலியைக் கண்டாலே அலறும்படி பழக்கியவரும் இவர்தான். அவருடைய அறிவுரையைச் சிரித்துத் தள்ளிவிடலாம். ஆனால் அதன் அடியில் இருந்த கணக்கை அன்றைய அறிஞர்களில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்டிருந்தார்கள். குழந்தைக்குப் பசிக்கிறது, தாய் பால் தருகிறாள், ஆகவே தாயின் மீது பற்று வருகிறது. அதாவது, பாசம் என்பது பாலுக்குப் போட்ட வட்டி.

விஸ்கான்சின் மாநிலத்தில் மேடிசன் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த ஹார்லோ பாசத்தை ஆராயப் புறப்பட்டவர் அல்லர். குரங்குகள் எப்படிக் கற்றுக்கொள்கின்றன என்பதுதான் அவருடைய துறை. அதற்கு வேண்டிய ரீசஸ் குரங்குகள் இந்தியாவிலிருந்து போய்க்கொண்டிருந்தன. நம் கோயில் குளங்களில் திரியும் நாட்டுக் குரங்குக்கு வடநாட்டு உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விலையும் அதிகம், நோயோடும் வந்து சேர்ந்தன. ஆகவே 1950களின் நடுவில் அவரே குரங்குகளை வளர்க்கத் தொடங்கினார். நோய் தொற்றாமல் இருக்க, பிறந்த சில மணி நேரத்திலேயே குட்டிகளைத் தாயிடமிருந்து பிரித்து, சுத்தமான கூண்டில் விட்டு, புட்டிப்பால் கொடுத்தார். குட்டிகள் நன்றாக எடை போட்டன. ஒன்றுதான் விசித்திரமாக இருந்தது. கூண்டின் தரையில் விரித்திருந்த அணையாடைத் துணியை அவை கட்டிக்கொண்டு கிடந்தன. துணியை மாற்ற எடுத்தால் ஒரே கூச்சல். அம்மாவின் பழைய சேலையில் கட்டிய தூளியில் மட்டுமே உறங்கிய பிள்ளை, அந்தச் சேலையைத் துவைக்கப் போட்ட நாளில் செய்த ரகளையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

ஹார்லோ இரண்டு பொம்மைத் தாய்களைச் செய்தார். ஒன்று வெறும் கம்பி வலை. மற்றொன்று மரக்கட்டை, அதன் மேல் நுரை ரப்பர், அதற்கும் மேல் டர்க்கித் துண்டுத் துணி. எட்டுக் குட்டிகள். நான்குக்குக் கம்பித் தாயிடம் பால், நான்குக்குத் துணித் தாயிடம் பால். பழைய கணக்கு சரியென்றால், கம்பித் தாயிடம் பால் குடித்த குட்டிகள் கம்பியோடு ஒட்டியிருக்க வேண்டும். அவை போயின, குடித்தன, துணிக்குத் திரும்பிவிட்டன. நாளில் பதினைந்து மணி நேரத்துக்கும் மேலாகத் துணித் தாயின் மேல்தான். மேளம் அடிக்கும் பொம்மைக் கரடியை உள்ளே விட்டபோது, பயந்துபோன குட்டி ஓடி ஒட்டிக்கொண்டதும் துணியிடம்தான். சற்று நேரம் உடம்பைத் தேய்த்துவிட்டு, அங்கிருந்தபடியே கரடியைத் திரும்பிப் பார்க்கும் துணிச்சலும் அதற்கு வந்தது.

எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. முதல் குட்டி எதிர்பார்த்ததற்கு ஒரு மாதம் முன்னதாகவே பிறந்துவிட்டது. துணித் தாய்க்கு முகம் செய்து முடிக்கவில்லை. கழுத்தின் மேல் வெறும் மர உருண்டை மட்டும் இருந்தது. பிறகு கண்ணும் மூக்குமாக அழகிய முகத்தைப் பொருத்தினார்கள். குட்டி அலறியது. கடைசியில் அந்தத் தலையைப் பின்பக்கமாகத் திருப்பி, முகமில்லாத பக்கத்தைத் தன்னை நோக்கி வைத்துக்கொண்டது. தன் தாயின் முகம் எது என்று அதற்குத் தெரியும்.

1958இல், அமெரிக்க உளவியல் சங்கத் தலைவராக ஆற்றிய உரையில் ஹார்லோ இதையெல்லாம் படத்தோடு விளக்கினார். துணித் தாய் இருபத்து நான்கு மணி நேரமும் இருப்பாள், திட்ட மாட்டாள், கோபத்தில் கடிக்க மாட்டாள் என்று பெருமைப்பட்டுக்கொண்டார். பெரும்பாலான பாடநூல்கள் இங்கேயே கதையை முடித்துவிடுகின்றன. எனக்கு அதில் நெடுநாள் வருத்தம்.

ஏனென்றால் அந்தக் குட்டிகள் வளர்ந்தன. வளர்ந்தவை மற்றக் குரங்குகளோடு பழகத் தெரியாமல் தம்மைத் தாமே கட்டிக்கொண்டு ஆடின, தம் உடம்பையே கடித்துக்கொண்டன. அவற்றில் பெண் குரங்குகள் தாயானபோது சில தம் குட்டியைத் திரும்பியே பார்க்கவில்லை. சில கடித்துக் குதறின. அடிபட்ட குட்டி மறுபடி மறுபடி வந்து அதே தாயைப் பற்றியது. துணித் தாயைப் பற்றலாம். அவள் பதிலுக்கு ஏந்த மாட்டாள். வைணவர்கள் சொன்ன குரங்குக் குட்டி உவமையில் பாதியைத்தான் மேடிசனில் செய்து வைத்திருந்தார்கள் என்பேன். தனிமையில் வளர்ந்த குரங்குகளைப் பின்னர் ஹார்லோவும் அவருடைய மாணவர் ஸ்டீபன் சுவோமியும் மூன்று மாதக் குட்டிகளோடு பழகவிட்டார்கள். அந்தச் சின்னஞ்சிறுசுகள் போய் ஒட்டிக்கொள்ள, பெரியவை கொஞ்சம் கொஞ்சமாகத் தேறின. இதற்கிடையே மாதக்கணக்கில் குட்டிகளை மூடிய அறையில் தனித்து அடைத்ததையும் நான் சொல்லாமல் விட முடியாது. அறிவதற்கு இவ்வளவு வேண்டியிருந்ததா என்று மாணவர்கள் கேட்பார்கள். வேண்டியதில்லை என்றுதான் நான் சொல்வேன்.

கூண்டு இல்லாமலும் பார்க்க முடியும் என்று காட்டியவர் மேரி எயின்ஸ்வொர்த் என்ற உளவியலாளர். 1954இல் உகாண்டாவுக்குப் போய், கம்பாலாவை அடுத்த கிராமங்களில் 26 குடும்பங்களை மாதக்கணக்கில் வீடு தேடிப் போய்ப் பார்த்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் மறுபடி 26 குடும்பங்கள். ஒவ்வொரு குழந்தையின் முதல் ஆண்டில் ஏறத்தாழ 72 மணி நேரம். அதன் இறுதியில் இருபது நிமிடச் சோதனை ஒன்று. பழக்கமில்லாத அறை, பொம்மைகள், அறிமுகமில்லாத ஒருவர். தாய் வெளியே போகிறாள், திரும்பி வருகிறாள். உலகம் இருபது நிமிடத்தை நினைவில் வைத்துக்கொண்டு 72 மணி நேரத்தை மறந்துவிட்டது.

அந்தச் சோதனையில் பார்க்க வேண்டியது அழுகையை அன்று, தாய் திரும்பி வரும் கணத்தை. அழுத பல குழந்தைகள் தாயிடம் தாவி, சற்றே தேறி, பொம்மைக்குத் திரும்பிவிட்டன. சில, தூக்கினாலும் தேறாமல் உதைத்தன. இன்னும் சில, தாய் போனபோதும் அழவில்லை, வந்தபோதும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ‘எவ்வளவு சமர்த்து’ என்று நாம் சொல்லக்கூடிய பிள்ளைகள். பின்னாளில் வேறு ஆய்வாளர்கள் அப்படிப்பட்ட குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்தார்கள். அழுத குழந்தைகளுக்கு இருந்த அதே படபடப்பு அவர்களுக்கும் இருந்தது.

அந்தச் சமர்த்தை இதற்கெல்லாம் முன்பே படம் பிடித்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் லண்டனில் உளப்பகுப்பாய்வாளர் அனா பிராய்ட் நடத்திய குழந்தைகள் இல்லத்தில் கொதிகலன் பார்த்துக்கொண்டவர். அங்கே எல்லா ஊழியரும் குழந்தைகளைப் பற்றிக் குறிப்பு எழுத வேண்டும் என்பது விதி, அப்படித்தான் கவனிக்கப் பழகினார். அன்றைய லண்டன் மருத்துவமனைகள் சிலவற்றில் பெற்றோர் தூங்கும் பிள்ளையை மட்டும் பார்க்கலாம். சிலவற்றில் தடுப்புக்கு அப்பால் நின்று பார்க்கலாம். பார்த்துவிட்டுப் போனால் பிள்ளை அழுகிறது என்பது காரணம். ராபர்ட்சன் ஒரு கேமரா வாங்கினார். லாரா என்ற இரண்டரை வயதுச் சிறுமி அறுவைச் சிகிச்சைக்காகத் தங்கிய எட்டு நாட்களையும் எடுத்தார். வேண்டியதை மட்டும் எடுத்தாய் என்று யாரும் சொல்லக் கூடாது என்பதற்காக, எடுக்கும் நேரத்தை முன்பே குறித்துக்கொண்டு, சுவர்க் கடிகாரமும் படத்தில் தெரியும்படி பார்த்துக்கொண்டார். லாரா அதிகம் அழவில்லை. அழுகையை விழுங்கிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் புறப்பட்ட நாளில் தாயின் கையைப் பிடிக்க மறுத்துத் தனியே நடந்தாள்.

1952இல் மருத்துவர்கள் கூடிய அவையில் இதைத் திரையிட்டபோது அவர்கள் கொதித்தெழுந்தார்கள். எங்கள் தொழிலை அவதூறு செய்கிறாய் என்றார்கள். பெற்றோர் தடையின்றிப் பார்க்கலாம் என்று அரசு நியமித்த குழு பரிந்துரைக்க 1959 ஆயிற்று.

வீடு திரும்பிப் பல மாதங்கள் கழித்து லாரா தற்செயலாக அந்தப் படத்தைப் பார்க்க நேர்ந்தது. முகம் சிவந்து, தாயிடம் திரும்பி, ‘நீ எங்கே இருந்தாய் அம்மா? எங்கே இருந்தாய்?’ என்று கேட்டாள். பிறகு வெடித்து அழுதபடி, ஆறுதலுக்குத் தந்தையிடம் போனாள்.