வயிற்றுநோ ஏன் என்று தெரியவில்லையா? டொக்டரிடம் பழைய காயத்தையும் சொல்லுங்கள்

(திரையில்: ஓரத்தில் இரண்டு எண்கள் வட்டமிடப்பட்ட ஓர் இரத்த ரிப்போர்ட்)

வணக்கம். மாதக்கணக்காக வயிற்றுநோ. அமிலத்தைக் குறைக்கும் ஒமேபிரசோல் குளிசை போட்டால் இரண்டு நாள் அடங்குகிறது, பிறகு பழையபடி. ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்கிறார்கள். இரத்த ரிப்போர்ட்டில் மட்டும் ஒன்று கூடியிருக்கிறது, இன்னொன்று குறைந்திருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் பக்கம் இப்படிக் கிளினிக் கிளினிக்காக அலைகிறவர்களுக்காகத்தான் இந்த வீடியோ.

முதலில் அந்த எண்கள். ரிப்போர்ட்டில் போட்டிருக்கும் சாதாரண அளவு என்பது, சுகமாக இருக்கும் 100 பேரில் ஏறக்குறைய 95 பேருக்கு வருகிற அளவு. மிச்சம் 5 பேருக்கு நோய் இல்லாமலே எண் வெளியே போகும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத 20 பரிசோதனைகளை ஒரே நாளில் செய்தால், நல்ல சுகமாக இருப்பவருக்கும் ஒன்றாவது பிசகி வர 64 சதவீத வாய்ப்பு உண்டு. ஆகவே ஒரு தாளைப் பார்த்து நித்திரையைத் தொலைக்க வேண்டாம். அதே பரிசோதனையைத் திரும்பச் செய்து, எண் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்கும்போதுதான் டொக்டருக்கு ஏதாவது பிடிபடும். போன வருடத்து ரிப்போர்ட்டையும் எறியாமல் கிளினிக் கொப்பியோடு வைத்திருங்கள்.

ஆனால் சிலதைச் சும்மா விடக் கூடாது. ஹீமோகுளோபின் ஆணுக்கு 13, பெண்ணுக்கு 12 என்ற அளவுக்குக் கீழே போனால் இரத்தசோகை. ஓர் ஆணுக்கோ மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புச்சத்துக் குறைந்து அது வந்திருந்தால், இரும்புக் குளிசையோடு விஷயத்தை முடிக்கக் கூடாது. குடலில் எங்காவது இரத்தம் கசிகிறதா என்று கமரா குழாய் விட்டு, வாய் வழியாக எண்டோஸ்கோப்பியும் மலவாசல் வழியாகக் கொலனோஸ்கோப்பியும் செய்து பார்க்க வேண்டும். இன்னொன்று, வயலில் இறங்கி வேலை செய்கிறவருக்குக் காய்ச்சலும் வயிற்றுநோவும் கெண்டைக்கால் உளைவும் சேர்ந்து வந்து, இரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் குறைந்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் கூடியிருந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம். அதற்குக் கிளினிக் நாள்வரை காத்திருக்க முடியாது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

(திரையில்: மனித வயிற்றின் வரைபடம், நடுவே நீளமான தழும்பு)

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வன்னியில் ஒருவரின் வயிற்றுநோவைப் பற்றிப் பேசும்போது யுத்தத்தை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2009இல் யுத்தம் முடிந்து இத்தனை வருடம் போய்விட்டது, அதில் பட்ட காயம் எப்போதோ ஆறிவிட்டது என்று நாங்கள் நினைக்கிறோம். வெளியில் ஆறியிருக்கும். உள்ளே கதை வேறாக இருக்கலாம்.

வயிற்றைத் திறந்து ஒப்பரேஷன் செய்தவர்களுக்குக் குடல் மடிப்புகள் ஒன்றோடொன்றும் வயிற்றுச் சுவரோடும் ஒட்டிக்கொள்வது மிகவும் சாதாரணம். பலருக்கு அதனால் ஒரு தொந்தரவும் வராது. சிலருக்குப் பத்து, இருபது வருடம் கழித்துக்கூட, சாப்பிட்ட பிறகு வயிறு முறுக்கும், உப்பும், சத்தி வரும். சாதாரண ஸ்கேனிலோ இரத்தப் பரிசோதனையிலோ இந்த ஒட்டுகள் பெரும்பாலும் தெரியாது. ஒப்பரேஷன் நடந்தது என்று நீங்கள் சொன்னால்தான் டொக்டருக்கு அந்த நினைப்பே வரும்.

காயத்தின்போது மண்ணீரலை எடுத்திருந்தால் பிளேட்லெட்டும் வெள்ளணுக்களும் பல வருடங்களுக்குச் சற்றுக் கூடியே இருக்கலாம். இது தெரியாத டொக்டர் இரத்த நோய் ஏதுமோ என்று தேடத் தொடங்குவார், வீட்டுக்காரர் பயந்து போவார்கள். மண்ணீரல் இல்லாதவர்களுக்குச் சில தடுப்பூசிகள் தேவை. அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் அது அவசரம், பனடோல் போட்டு வீட்டில் படுக்கக் கூடாது. அந்த நாட்களில் இரத்தம் ஏற்றியிருந்து, இப்போது ஈரல் பரிசோதனையில் எண் கூடியிருந்தால், ஹெபடைடிஸ் பி, சி இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

உடம்பில் துப்பாக்கிச் சன்னம் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். அது மூட்டுக்குள் தங்கியிருந்தால், மூட்டு நீரில் ஈயம் மெல்லக் கரைந்து இரத்தத்தில் கலக்கலாம். அரிதுதான். ஆனால் விட்டுவிட்டு வரும் வயிற்றுப் பிடிப்பு, மலச்சிக்கல், இரத்தசோகை மூன்றும் சேர்ந்து வந்தால், இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்க ஒரு பரிசோதனை இருக்கிறது. உடம்பில் செல் (எறிகணை) துண்டு இருப்பவர்கள், எம்.ஆர்.ஐக்கு அனுப்பினால் அறைக்குள் போக முன்னமே அதைச் சொல்லியாக வேண்டும். அந்தக் காந்தம் இரும்பை இழுக்கும், உள்ளே இருக்கும் துண்டு நகரக்கூடும். எக்ஸ்ரேக்கும் சீ.டி.க்கும் அந்தப் பயம் இல்லை.

"முந்தி ஏதும் ஒப்பரேஷன் செய்தனீங்களோ ஐயா?" என்று கேட்டால், "இல்லை டொக்டர்" என்கிறவர்கள் உண்டு. காயத்துக்குச் செய்ததை அவர்கள் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. டயக்னோசிஸ் கார்ட் இடம்பெயர்வில் தொலைந்துவிட்டது, எதைக் காட்டுவது என்று பேசாமல் இருப்பவர்களும் உண்டு. வேறு சிலருக்கு அந்த நாட்களைப் பற்றி வாய் திறக்கவே முடியாது. அது எனக்கு நன்றாக விளங்குகிறது. எங்கே, எப்படி என்று எதையும் சொல்லத் தேவையில்லை. "வயிற்றில் ஒப்பரேஷன் நடந்தது, இரத்தம் ஏற்றினார்கள், உடம்பில் பீஸ் இருக்கு." இவ்வளவு போதும். அதையும் சொல்ல மனமில்லை என்றால் தழும்பைக் காட்டுங்கள், டொக்டர் மிச்சத்தைக் கேட்பார்.

குளிசைகளையும் மறைக்காதீர்கள். பழைய காய நோவுக்கு டைக்ளோபெனாக், இபுபுரூபன் போன்றவற்றைப் பார்மசியில் வாங்கி வருடக்கணக்காகப் போடுகிறவர்களுக்குக் குடற்புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். வவுனியாப் பக்கம் ஏற்கெனவே சிறுநீரக நோய் ஒரு பெரிய பிரச்சினை. நாட்டு மருந்து எடுத்தாலும் சொல்லுங்கள், சிலவற்றில் ஈயமும் பாதரசமும் கலந்திருக்கும். அப்புறம், வயிற்றுப்புண்ணை உண்டாக்கும் ஹெலிகோபாக்டர் கிருமிக்கு மலப் பரிசோதனை எழுதித் தந்தால், ஒமேபிரசோலை எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். வழக்கமாக இரண்டு கிழமைக்கு முன்னரே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று ரிப்போர்ட் வரலாம்.

(திரையில்: 1990)

கறுப்பாக மலம் போதல், இரத்த வாந்தி, பலகைபோல இறுகிய வயிறு, காற்றும் பிரியாமல் தொடர்ந்து சத்தி, கண் மஞ்சளாகிக் காய்ச்சல். இவற்றில் ஒன்று வந்தாலும் 1990க்கு அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். மேல்வயிற்று நோவோடு வியர்த்து மூச்சு முட்டினாலும் அப்படித்தான். காஸ் என்று நினைத்து இஞ்சித் தண்ணி குடித்துக்கொண்டு இருக்காதீர்கள், அது மாரடைப்பாக இருக்கலாம். ஆஸ்பத்திரியில் முதலில் ஈ.சி.ஜி. எடுக்கச் சொல்லுங்கள்.