வலிக்காத புண்

வணக்கம் நேயர்களே. நான் பினாங்கில் வேலை பார்க்கும் பல் மருத்துவர். ஆனால் இன்று பல்லைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. பல்லைச் சுற்றி இருக்கும் இடங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். உதடு, கன்னத்தின் உட்பக்கம், ஈறு, நாக்கு, நாக்கின் அடிப்பக்கம், அண்ணம். பல் வலித்தால் இரவு முழுக்கத் தூக்கம் வராது, விடிந்ததும் கிளினிக் வாசலில் நிற்போம். இந்த இடங்களில் வரும் புண்களில் பெரும்பாலானவை பத்துப் பதினைந்து நாளில் தானாகவே ஆறிவிடும். சில ஆறாது. ஆறாதவற்றில் மிக மோசமானது வாய்ப் புற்றுநோய், அது தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. நம் மக்கள், அதாவது மலேசிய இந்தியர்கள், தாமதமாக வருவது அதனால்தான்.

நம் மக்கள் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1993-94-ல் மலேசியா முழுவதும், 25 வயதும் அதற்கு மேலும் ஆன 11,697 பேரின் வாயைப் பரிசோதித்து ஓர் ஆய்வு நடந்தது. நூற்றில் ஏறக்குறைய பத்துப் பேருக்கு வாயின் மென்தோலில் ஏதோ ஒரு மாற்றம் இருந்தது. அவற்றில் புற்றுநோயாக மாறக்கூடிய திட்டுகள் மட்டும் எத்தனை பேருக்கு என்று பார்த்தார்கள். நாட்டளவில் நூற்றுக்கு 1.4 பேர். சீனர்களில் 0.5 பேர். இந்தியர்களில் 4 பேர். பிறகு வந்த புற்றுநோய்ப் பதிவேடுகளிலும் வாய்ப் புற்றுநோய் இந்தியப் பெண்களிடம் மற்ற இனத்துப் பெண்களைவிட மிக அதிகம். இது பெரும்பாலும் பரம்பரையாக வந்த வினை இல்லை. வெற்றிலை பாக்குப் பழக்கம் கொண்டுவந்து சேர்த்தது. அதைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் விரிவாகச் சொல்கிறேன். முதலில் எல்லோர் வீட்டிலும் பார்க்கும் சாதாரணப் புண்கள்.

உதட்டின் உட்பக்கத்திலோ கன்னத்திலோ சின்னதாக, வட்டமாக, நடுவில் வெளிர் மஞ்சளும் ஓரத்தில் சிவப்பு வளையமுமாக ஒரு புண் வரும். உப்பு பட்டால் எரியும், காரம் பட்டால் உயிர் போகும். இதுதான் நாம் வாய்ப்புண் என்று சொல்வது. தூக்கமின்மை, மன உளைச்சல், தெரியாமல் கடித்துக்கொள்வது இதெல்லாம் காரணமாகலாம். அடிக்கடி வந்தால் இரும்புச்சத்து, பி12, ஃபோலிக் அமிலம் குறைவாக இருக்கிறதா என்று ரத்தம் பரிசோதிக்க வேண்டும். வீட்டில் மணத்தக்காளிக் கீரை கூட்டு வைத்துக் கொடுப்பார்கள், தாராளமாகச் சாப்பிடலாம். உப்பு நீரில் கொப்பளிக்கலாம். ஒரு வாரத்தில், மிஞ்சிப்போனால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். இந்த இரண்டு வாரக் கணக்கை மனதில் வையுங்கள், திரும்பத் திரும்ப வருவேன்.

உதட்டின் வெளி ஓரத்தில், காய்ச்சலுக்குப் பிறகோ வெயிலில் அலைந்த பிறகோ, கொத்தாக நீர்க்கொப்புளம் வந்து உடைந்து பொருக்கு கட்டினால் அது வேறு. அது ஹெர்பிஸ் வைரஸ். ஒருமுறை உடம்புக்குள் வந்தால் நரம்பில் தங்கிவிடும், உடம்பு தளரும்போது தலைகாட்டும். ஏழிலிருந்து பத்து நாளில் போய்விடும். கொப்புளம் இருக்கும் நாட்களில் கைக்குழந்தைக்கு முத்தம் கொடுக்காதீர்கள். பச்சிளம் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம்.

குழந்தைகள் என்றதும் இன்னொன்று. காய்ச்சல், வாய்க்குள் புண், உள்ளங்கையிலும் பாதத்திலும் சிவப்புப் புள்ளிகள். குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளையை விடும் பெற்றோருக்கு இது நன்றாகத் தெரியும். கை, கால், வாய் நோய். பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வரும், ஒரு வாரம் பத்து நாளில் சரியாகும். வலியால் பிள்ளை குடிக்க மறுத்து நீர்ச்சத்து வற்றிப்போவதுதான் முதல் கவலை. குளிர்ந்த பாலோ தண்ணீரோ கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஆனால் பிள்ளை சோர்ந்து படுத்தே கிடந்தாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, தூக்கத்தில் உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டாலோ வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். 1997-ல் சரவாக்கில் இந்த நோய் பரவியபோது குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்து வெள்ளை. வாய்க்குள் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் சுத்தமான துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். துடைத்தால் வழித்துக்கொண்டு வந்து, அடியில் சிவந்த தோல் தெரிந்தால் அது பெரும்பாலும் பூஞ்சை. ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலர் இழுப்பவர்கள், நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவர்கள், நீண்ட நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள், இவர்களுக்கு வரும். இன்ஹேலர் இழுத்ததும் வாய் கொப்பளித்துத் துப்பும் பழக்கம் ஒன்றே பலருக்கு இதைத் தடுத்துவிடும்.

பல்செட் போடும் பெரியவர்களுக்கு அண்ணத்தில், பல்செட் பதியும் இடம் மட்டும் அச்சு எடுத்த மாதிரி சிவந்திருக்கும். அதுவும் பெரும்பாலும் பூஞ்சைதான். வலிக்காது என்பதால் அவர்களுக்கே தெரியாது. இரவில் பல்செட்டைக் கழற்றிக் கழுவித் தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும். ராத்திரியும் போட்டுக்கொண்டு தூங்கும் தாத்தாக்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், ஐயா, இன்றிலிருந்து கழற்றுங்கள்.

பல் வலிக்கு மாத்திரையை விழுங்காமல் ஈறில் வைத்து அடக்கிக்கொள்வதும் நம்மிடம் இருக்கிறது. ஆஸ்பிரினை அப்படி வைத்தால் அந்த இடம் வெந்து வெளுத்துவிடும். வலிக்கு வலியும் போகாது, புண்ணும் சேரும்.

இனி, துடைத்தாலும் போகாத வெள்ளை. இதற்குத்தான் நான் வந்தேன்.

இரண்டு கன்னத்திலும் ஒரே மாதிரி, மெல்லிய வெள்ளைக் கோடுகள் பின்னிப் பின்னிக் கோலம் போட்டது போல இருந்தால், லைக்கன் பிளேனஸ் என்று ஒரு நோய் இருக்கிறது. தொற்றாது. அதற்கு எங்களிடம் மருந்து உண்டு, ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பும் வேண்டும். கோடாக இல்லாமல், ஒரு பக்கத்தில் மட்டும் தடித்த வெள்ளைத் திட்டாக, சொரசொரப்பாக இருந்தால் அது லுக்கோபிளேக்கியாவாக இருக்கலாம். அப்படிப்பட்ட திட்டுகள் எல்லாமே புற்றுநோய் ஆவதில்லை. எது ஆகும் எது ஆகாது என்பதைக் கண்ணால் பார்த்து நானும் சொல்ல முடியாது, யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் திசு எடுத்துப் பார்க்கிறோம். வெள்ளைக்கு நடுவே சிவப்பு கலந்திருந்தாலோ, வெல்வெட்டு போலச் சிவந்த திட்டு தனியாக இருந்தாலோ அது வெள்ளையைவிட அபாயம். மக்கள் வெள்ளையைப் பார்த்துப் பயப்படுவார்கள், சிவப்பை ‘சூடு’ என்று விட்டுவிடுவார்கள்.

வெற்றிலை போடும் பாட்டிமார்களைக் கேளுங்கள். ‘நான் போயிலை சேக்கறதில்லப்பா, வெறும் பாக்குதான்’ என்பார்கள். பல வருஷமாக நாங்களும் புகையிலையை மட்டும்தான் பெரிதாகச் சொல்லிக்கொண்டிருந்தோம். உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-ல் வெளியிட்ட அறிக்கையில், புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும், ஏன் பாக்கு மட்டுமே கூட, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தெளிவாக வகைப்படுத்தியது. பாக்கில் இருக்கிற வேதிப்பொருள் வாயின் மென்தோலை மாற்றுகிறது. சுண்ணாம்பு அதற்குத் துணைபோகிறது. புகையிலை சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். சிகரெட், மது இரண்டும் சேர்ந்தவர்களுக்கு இன்னும் அதிகம்.

பாக்கு செய்யும் இன்னொரு வேலை பலருக்குத் தெரியாது. முதலில் காரம் சாப்பிட முடியாமல் எரியும். பிறகு கன்னத்தின் உட்பக்கம் வெளிறிப்போகும். விரலால் தடவினால் நார் நாராகத் தட்டுப்படும். கொஞ்சம் கொஞ்சமாக வாய் திறப்பது குறையும். இட்லியைச் சின்னதாகப் பிய்த்துப் போட வேண்டியிருக்கும், கொட்டாவி விட்டால் இழுக்கும். உங்கள் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி முன்பற்களுக்கு நடுவே வைத்துப் பாருங்கள். மூன்றும் நுழைய வேண்டும். நுழையவில்லை என்றால் காரணம் தெரிய வேண்டும். இந்த நார்க்கட்டு வந்த வாய் பழையபடி முழுதாகத் திரும்புவதில்லை. பழக்கத்தை நிறுத்தினால் மேலும் இறுகுவதைத் தடுக்கலாம். ஆனால் நிறுத்திய பிறகும் புற்றுநோய் வரும் வாய்ப்பு இருக்கிறது, பரிசோதனையை விடக்கூடாது. வயதானவர்கள் மட்டும் என்று நினைக்காதீர்கள். சின்னப் பாக்கெட்டில் வரும் பாக்குத்தூளை மெல்லும் இளைஞர்களும் இதில் சேர்த்திதான்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்யாணத் தட்டிலும் பூசைத் தட்டிலும் வைக்கும் வெற்றிலை பாக்கை நான் குறை சொல்லவில்லை. ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் அந்த வெற்றிலைக் கட்டுகளை வாங்கிப் போகிறவர்களில் பலர் சாமிக்கு வாங்குகிறார்கள். தட்டில் வைப்பது வேறு. தினமும் மென்று, சக்கையைக் கன்னத்தில் அடக்கி வைத்துக்கொண்டே வேலை செய்வது, தூங்குவது வேறு. தோட்டத்தில் ரப்பர் மரம் சீவிய காலத்தில் பசியை மறக்க, களைப்பை மறக்கப் போட்டார்கள். அந்தப் பழக்கம் தோட்டத்தை விட்டுப் பட்டர்வொர்த், புக்கிட் மெர்த்தாஜாம் அடுக்குமாடிகளுக்கு வந்த பிறகும் கூடவே வந்துவிட்டது. அவர்களைத் திட்டாதீர்கள். ஆனால் அவர்கள் வாயைத் திறந்து பாருங்கள். சக்கையை அடக்கி வைக்கும் பக்கத்தில்தான் பெரும்பாலும் திட்டு வரும்.

பார்ப்பதற்குக் கைபேசி விளக்கும் கண்ணாடியும் போதும். பல்செட்டைக் கழற்றிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு தொடங்குங்கள். உதட்டை மடக்கி உட்பக்கம். கன்னத்தை விரலால் விலக்கி இரண்டு பக்கமும். ஈறு. அப்புறம் நாக்கை நீட்டச் சொல்லி, நுனியைத் துணியால் பிடித்து இடமும் வலமும் இழுத்து ஓரங்களைப் பாருங்கள். நாக்கை மேலே தூக்கச் சொல்லி அடிப்பக்கம். தலையைச் சாய்த்து அண்ணம். கடைசியில் தாடைக்குக் கீழும் கழுத்திலும் தடவிப் பாருங்கள். நாக்கின் ஓரத்தையும் அடிப்பக்கத்தையும் அவசரப்படாமல் பாருங்கள். அங்கே வருவது எளிதில் ஒளிந்துகொள்ளும்.

பார்க்கும்போது சில சாதாரண விஷயங்கள் பயமுறுத்தும். நம் நிறத்துக்காரர்களுக்கு ஈறு கருப்பாகவோ பழுப்பாகவோ திட்டுத் திட்டாக இருப்பது இயற்கை. அண்ணத்தின் நடுவில் கல் மாதிரி கெட்டியாக எலும்பு மேடு பலருக்கு உண்டு, பல வருஷமாக இருப்பதுதான். கன்னத்தில் மணல் மணலாக மஞ்சள் புள்ளிகள், நாக்கின் அடிவேரில் வரிசையாகப் பெரிய மொட்டுகள், இவையும் இயல்பானவைதான். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடும் சிலருக்கு ஈறு தடித்துப் பல்லை மூடும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள். ஈறில் ரத்தம் கசிவது பெரும்பாலும் அழுக்குப் படிவதால்தான். நீரிழிவு இருந்தால் அது வேகமாகப் பல்லை ஆட்டிவிடும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது, நம் இனத்தில் விகிதம் அதைவிடக் கூடுதலாக இருந்தது.

சரி, எப்போது கிளம்ப வேண்டும்? இரண்டு வாரம் தாண்டியும் ஆறாத புண். துடைத்துப் போகாத வெள்ளை, காரணமில்லாத சிவப்பு. தொட்டால் கெட்டியாக இருக்கும் கட்டி. பல் பிடுங்கிய குழி மூடாமலே இருப்பது. காரணம் தெரியாமல் ஒரு பல் ஆடுவது. உதடு மரத்துப்போவது, விழுங்கச் சிரமம், கழுத்தில் கட்டி. கூரான உடைந்த பல்லோ பல்செட்டோ உரசிப் புண் வந்திருந்தால், அந்த உரசலை நீக்கிவிட்டு இரண்டு வாரம் பார்ப்போம். ஆறினால் நல்லது. ஆறவில்லை என்றால் அதையும் சோதிப்போம். புண்ணை முதலில் பார்த்த தேதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். ‘ரொம்ப நாளா இருக்கு’ என்று சொன்னால் எங்களுக்குக் கணக்குத் தெரியாது.

அரசாங்கப் பல் மருத்துவமனைக்கு, அதாவது கிளினிக் பெர்கிகியானுக்குப் போங்கள். முகப்பில் ‘பல் காட்ட வந்தேன்’ என்று மட்டும் சொல்லாதீர்கள். ‘வாயில் புண் ஆறவில்லை’ என்று சொல்லுங்கள். வெற்றிலை, சிகரெட், மது எது இருந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள். எங்களுக்குச் சந்தேகம் வந்தால் மருத்துவமனையின் வாய் அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் கொடுப்போம். சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள் தோட்டப்புறங்களுக்கே வந்து வாயைப் பரிசோதிப்பதும் உண்டு. வந்தால் அம்மாவையும் பாட்டியையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

கத்தி பட்டால் புற்றுநோய் பரவிவிடும் என்று சொல்லித் திசுப் பரிசோதனைக்கு மறுப்பவர்களால்தான் எனக்கு மனசு கனக்கிறது. அப்படிப் பரவாது. மரக்க ஊசி போட்டு, சிறு துண்டு எடுத்து, தேவைப்பட்டால் ஒன்றிரண்டு தையல் போடுவோம். அன்றே வீட்டுக்குப் போகலாம். மறுத்துவிட்டு ஆறு மாதம் கழித்து வருகிறவர்களுக்குத்தான் பரவியிருக்கும். சின்னதாக இருக்கும்போது எடுத்துவிட்டால் பேச்சும் சாப்பாடும் பெரிய பாதிப்பில்லாமல் தப்பும். முற்றிய பிறகு தாடையையும் நாக்கின் பகுதியையும் எடுக்க வேண்டியிருக்கும், கதிர்வீச்சும் சேரும். நம் நாட்டில் பலர் இரண்டாவது வகையில்தான் வருகிறார்கள்.

வரும்போது சாப்பிடும் மாத்திரைகளைப் பையோடு எடுத்து வாருங்கள், ரத்தத்தை இளக்கும் மாத்திரை இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். பாட்டிக்கு மலாய் சரளமாக வராது என்றால் பேத்தியோ பேரனோ கூட வரட்டும், டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ள ஒருவர் இருப்பது நல்லது. முடிவு வர ஓரிரு வாரம் ஆகும். மறுபடி வரச் சொன்ன நாளில், புண் ஆறியது போலத் தெரிந்தாலும், அவசியம் வந்துவிடுங்கள்.

நன்றி. வணக்கம்.